மூடாக்கு போட்டும் தெருமரம் வாடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"மூடாக்கு போட்டால் மரம் செழிக்கும் என்றார்கள். நான் போட்ட பிறகுதான் இலை பழுத்துக் கொட்டுகிறது." இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். மூடாக்கு என்பது மரத்தடி மண்ணை மூடிப் பரப்பும் சருகு, தழை போன்றவை. பெரும்பாலும் பழி மூடாக்கின் மேல் இல்லை. அதை எங்கே குவித்தோம், எவ்வளவு போட்டோம், எந்த மண்ணின் மேல் போட்டோம் என்பதில்தான் பிசகு நடக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயல் எங்கள் தெருவின் பெருங்கொன்றைகளையும் குல்மொகர்களையும் வேரோடு சாய்த்தது. அடுத்த ஆண்டு அந்த இடங்களில் புங்கை, மகிழம், பூவரசு, நீர்மருது என்று நட்டோம். அன்று முதல் அண்டை வீட்டாரும் நானும் அவற்றைப் பார்த்துவருகிறோம். கன்றுகளில் சிலவற்றை எங்கள் கையாலேயே கெடுத்தோம். கெடுத்ததைத் திருத்தவும் கற்றுக்கொண்டோம். உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறி கீழே எந்தத் தலைப்பில் வருகிறதோ, நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

உரக்கடைக்குக் கிளம்புவதற்கு முன், அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு மூடாக்கை விலக்கிப் பாருங்கள். இலையில் தெரிவது மரத்தின் முறையீடு. அதன் காரணம் அநேகமாக அந்த உள்ளங்கை அகலத்தில் கிடக்கும்.

ஒழுங்காக வேலை செய்யும் மூடாக்கு அடுக்கடுக்காக இருக்கும். மேலே மொறுமொறுவென்ற சருகு. அதன் கீழே சதை கரைந்து நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சிய இலைகள். அதற்கும் கீழே விரலில் உதிரும் கறுத்த படலம். மூக்கருகே கொண்டுபோனால் முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனை. அந்தப் படலத்துக்குள் நூல் கனத்தில் வெளிர்நிறச் சல்லிவேர்கள் ஓடும். இவற்றைப் பார்த்துவிட்டீர்களானால் மூடாக்கைக் குறைசொல்லக் காரணமில்லை. நோயை வேறிடத்தில் தேட வேண்டும்.

கையில் ஒரு களைக்கொத்து, இரண்டடி நீளமுள்ள அரை அங்குல இரும்புக் கம்பி, ஒரு குடம் தண்ணீர் இருந்தால் போதும். கம்பியை நான்கைந்து இடத்தில் கையால் அழுத்திக் குத்துங்கள். எவ்வளவு ஆழத்தில் தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பின்னால் தேவைப்படும்.

தெருவின் மண் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் அடியில் பாறை. மணலில் மூடாக்கு அமுங்கிய பிறகு 10 செ.மீ. இருக்கலாம். களியில் 5 செ.மீ. தாண்டக் கூடாது. எந்த மண் என்று தெரியாவிட்டால் நான்கு விரற்கடை, அதாவது சுமார் 7 செ.மீ., என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றியும் நண்பகலில் இலை தொங்குகிறது

ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் இதே முகத்தைத்தான் காட்டும். அடியில் மண் காய்ந்திருக்கலாம். அல்லது வேர் தண்ணீரில் மூச்சுமுட்டிக் கிடக்கலாம். இதைப் பிரித்தறியாமல் தண்ணீரைக் கூட்டுவதாலேயே நிறையக் கன்றுகள் சாகின்றன.

மூடாக்கின் மேல் ஒரு குவளை தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து நடைபாதைக்கு ஓடுகிறதா? அப்படியானால் சருகு கூரையாகிவிட்டது. பாதாம் மர இலை இதற்குப் பெயர்போனது. அகலமான, தோல்போன்ற அந்த இலைகள் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ஓடு வேய்ந்த மாதிரி ஆகிவிடும். மாவிலையும் அப்படித்தான். இடையே படரும் பூஞ்சை இழைகள் காய்ந்தபின் தண்ணீரை ஒட்டவிடா. ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் மகிழ மரத்தடியில் இந்த இலைப்பாளத்தைத் தூக்கினேன். முழுப் பாளமும் ஒரு பாய்போல் எழுந்து வந்தது. கீழே மண், வீட்டு அலமாரியின் மேல் தட்டும் தூசிபோல் இருந்தது. நான்கு மாதமாகத் தினமும் ஊற்றிய தண்ணீர் எல்லாம் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது.

சரிசெய்வது எளிது. பாளத்தைக் கையால் பிய்த்து விலக்குங்கள். மண்ணை ஒரு குடம், அது இறங்கியபின் இன்னொரு குடம் என்று மெதுவாக நனையுங்கள். பெரிய இலைகளைச் சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கி, புங்கை, தூங்குமூஞ்சி, வேம்பு போன்ற சிற்றிலைச் சருகோடு கலந்து, மீண்டும் பொலபொலவெனப் பரப்புங்கள். பிறகு மாதம் ஒருமுறை விரலால் கிளறிவிட்டால் போதும்.

மூடாக்கு தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியையே காக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே மூடாக்கு போட நல்ல காலம் மார்கழியும் தையும். மண் நனைந்து கிடக்கும், மரமும் இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். கத்திரி வெயில் வந்தபின் நினைவு வந்து போடுகிறவர்கள், முதலில் மண்ணை ஆழமாக நனைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இனி மற்றக் காரணம். விலக்கிய இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால், மண் சாம்பல்நிறமாகப் பிசுபிசுத்தால், வேருக்குக் காற்றில்லை. களிமண், தினசரித் தண்ணீர், தடித்த மூடாக்கு மூன்றும் சேரும் இடத்தில் இது நடக்கும். தண்ணீரை நிறுத்துங்கள். மூடாக்கை ஒரு வாரம், பத்து நாள் ஓரமாகக் குவித்து மண்ணை ஆறவிடுங்கள். பிறகு மெல்லிய அடுக்காகத் திரும்பப் பரப்புங்கள். மூடாக்கு போட்ட மரத்துக்கு முன்பு ஊற்றிய கணக்கிலேயே ஊற்றக் கூடாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, ஈரம் தட்டினால் குடத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஆறப்போட்டும் மண் காயவில்லையென்றால், பாத்தியின் ஓரத்தில் ஓரடிக் குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் பாதிக்குமேல் தண்ணீர் நின்றால் அடியில் ஏதோ அடைக்கிறது. 'மரம் நின்றது நின்றபடியே இருக்கிறது' என்ற பகுதிக்குப் போங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். கிளையின் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்கு மூடாக்கு காரணமாகலாம். மரப்பட்டறைத் தூளையோ மக்காத தென்னைநார்க் கழிவையோ மண்ணோடு கொத்திக் கலந்தீர்களா? தென்னைநார்க் கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிச்சத்து ஏறக்குறைய நூறு பங்கு. மரத்தூளில் அது சில நூறு பங்கு. இவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். கரிச்சத்து 25, 30 பங்குக்கு மேல் போனால் பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மரம் பட்டினி கிடக்கும். அதே தூளை மண்ணின் மேல் பரப்பி மட்டும் வைத்தால், மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே இந்தப் பறிப்பு நடக்கும். கீழேயுள்ள வேருக்குத் தெரியவே தெரியாது. எனவே கொத்தாதீர்கள், மேலே விரியுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டால் தோண்டி எடுக்கப் போய் வேரை அறுக்க வேண்டாம். அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாதம் ஒருமுறை மூன்று மாதம் ஊற்றுங்கள். தென்னைநார்க் கழிவில் உப்பும் இருக்கும். பரப்புவதற்கு முன் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் புங்கையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பருப்பு இனம், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். வயலில் நாற்று நடும் முன் புங்கந்தழையை மிதித்த உழவர்களுக்கு இது புதிதில்லை. தெருவுக்கு ஒரு புங்கை இருந்தால் அதன் சருகே மற்ற மரங்களுக்கும் சாப்பாடு.

இரண்டாவது வகைக்கு மூடாக்கு காரணமில்லை. மரக்குழியில் கொட்டப்பட்ட கட்டட இடிபாடுதான் காரணம். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரம் ஏறி, இரும்பு கரையாமல் கட்டிக்கொள்ளும். ஒரு கரண்டி மண்ணில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. கைக்கெட்டும் இடிபாட்டைப் பொறுக்கி எடுங்கள். உடனடி நிவாரணமாக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். மண்ணில் போட்டால் அந்தக் காரம் அதையும் கட்டிவிடும். நீண்டகால மருந்து மக்கும் சருகுதான். ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணை அது மெல்ல மாற்றும்.

இலையின் விளிம்பு மட்டும் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். உணவகம், டீக்கடை அருகில் உள்ள மரமென்றால், இரவில் கடை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள். எங்கள் தெருமுனைப் பூவரசுக்குச் சுடுதண்ணீரும் சோப்பு நுரையும் தினமும் விழுந்துகொண்டிருந்தன. கடைக்காரரிடம் மரத்தைக் காட்டிச் சொன்னோம். அன்றே வாளியைச் சாக்கடை வாய்க்குத் திருப்பிவிட்டார். மழைக்காலம் உப்பைக் கழுவியது. தையில் புதுத்தளிர் கருகாமல் விரிந்தது.

மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் இலை கொட்டுவது நோயில்லை. புங்கை இலையில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் மரத்தைச் சாய்க்காது. அந்த இலையையும் மூடாக்காகப் போடலாம்.

மூடாக்கிலிருந்து புளித்த வாடை வருகிறது

பச்சைத் தழையை, புல்லை, கோயில் மாலைகளை அடர்த்தியாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் நொதித்துவிடும். வினிகர் வாடையோ அழுகிய முட்டை வாடையோ வரும். அந்த நிலையில் அது கடும் அமிலம். இளங்கன்றின் இலை ஓரிரு நாளில் வெந்ததுபோல் ஆகிவிடும். உடனே அள்ளி நடைபாதை ஓரத்தில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு நாள் காயவிடுங்கள். மண்ணை நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வாடை போனபின் அதையே திரும்பப் போடலாம். பச்சைத் தழையைக் காயவைத்தே பயன்படுத்துவது நல்ல பழக்கம். மாலையென்றால் நாரையும் ஜிகினாவையும் உருவி எடுத்த பிறகுதான்.

அடிமரத்துப் பட்டை கறுத்து, தொட்டால் மெத்தென்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். நான் செய்த பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது.

தெருத் திருப்பத்தில் 2017இல் நட்ட புங்கை எங்கள் எல்லோருக்கும் செல்லம். பாசத்தில் ஆளாளுக்கு ஒரு கூடை சருகும் மக்கிய எருவும் கொண்டுவந்து அதன் அடியிலேயே கொட்டினோம். கறையான் புற்றுபோல் முழங்கால் உயரத்துக்குக் குவியல் எழுந்தது. இரண்டு மழைக்காலம் அப்படியே விட்டோம். மூன்றாம் ஆண்டில் இலை சிறுத்தது. உச்சிக் கிளை ஒன்று பட்டுப்போனது. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தோம். பலனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குவியலைக் கையால் வாரத் தொடங்கினேன். பாதி வாரியதும் பட்டை தெரிந்தது. நனைந்த அட்டைப்பெட்டிபோல் கறுத்து ஊறியிருந்தது. கட்டைவிரலை வைத்ததும் ஒரு துண்டு வழுக்கி வந்தது. உள்பக்கம் பழுப்புச் சாறு. இன்னும் கீழே போனால், குவியலின் ஈரத்தை நம்பிப் புதிதாகக் கிளம்பிய வேர்கள் வெளியே போகாமல் தண்டையே சுற்றியிருந்தன. சுண்டுவிரல் கனத்தில் மூன்று, பென்சில் கனத்தில் பல. ஒன்று பட்டைக்குள் அழுந்திப் பள்ளமே விழுந்திருந்தது. நாங்கள் ஊட்டிய உணவே அதன் கழுத்தில் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது.

வேரின் தோல் ஈரத்தைத் தாங்கும். தண்டின் பட்டைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். தண்டு கீழே வந்து யானைப் பாதம்போல் அகன்று வேராகப் பிரியும் இடம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். மின்கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கும் மரத்தைப் பார்த்தால், அகலும் இடம் புதைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப் புதைந்திருந்தால் மண்வெட்டியை எடுக்காதீர்கள். கையாலும் சிறு குச்சியாலும் மட்டும் வாரி, அகலும் இடம் தெரியும்வரை திறந்துவிடுங்கள். ஊறிய பட்டைக்கு வெயிலும் காற்றும் பட்டாலே அழுகல் நிற்க வாய்ப்புண்டு. தார், சிமென்ட், வண்ணம் எதையும் பூச வேண்டாம். சுற்றிய வேர்களில் பென்சில் கனத்தவற்றைக் கூரிய கத்தரியால் அன்றே வெட்டலாம். விரல் கனத்தவற்றை ஒரே நாளில் எல்லாம் வெட்டிவிடக் கூடாது, பருவத்துக்கு ஒன்று. கட்டைவிரலைவிடப் பருத்த வேரை, தெரிந்தவர் பார்க்காமல் தொடாதீர்கள். பிறகு மூடாக்கை வட்டமாக, தண்டிலிருந்து விலகிப் பரப்புங்கள். கன்றுக்கு நான்கு விரற்கடை இடைவெளி, வளர்ந்த மரத்துக்கு ஒரு சாண். மேலிருந்து பார்த்தால் குழிந்த தட்டுபோல் தெரிய வேண்டும். மேடாகத் தெரியக் கூடாது.

எங்கள் புங்கை பிழைத்தது. பட்டை உரிந்த காயத்தில் தெருப்பக்கம் முழுவதும் மூடிவிட்டது. சுவர்ப்பக்கம் இன்னும் உள்ளங்கை அகலத்துக்குப் பொந்தாக இருக்கிறது. மழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அதில் விரலை விட்டு ஆழம் பார்க்கிறேன்.

காளான், வெள்ளை நூல், மஞ்சள் நுரை

சருகுக்குள் வெள்ளை நூல்கள் படர்ந்தால் மகிழுங்கள்; மக்கும் வேலை நடக்கிறது. மழைக்குப் பின் எழும் குடைக்காளான்களும், ஒரே இரவில் யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் தோன்றும் மஞ்சள் நுரையும் மரத்தை ஒன்றும் செய்யா. குழந்தைகள் வாயில் வைக்காதபடி அள்ளிப் போட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. அடிமரத்தோடு ஒட்டி, அலமாரித் தட்டுபோல் நீட்டிக்கொண்டு, மேற்புறம் செம்பழுப்பில் மெருகு பூசியது மாதிரிப் பளபளத்து, விளிம்பு வெண்மையாக இருந்தால் அது கேனோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்வது இந்தப் பூஞ்சையால் வருவதுதான். இது மூடாக்கில் வளர்வதில்லை. வேரையும் அடிமரத்தையும் உள்ளுக்குள் தின்றுவிட்டு வெளியே தலைகாட்டுகிறது. காளானை மட்டும் பிய்த்து எறிந்தால் அடையாளம்தான் போகும், நோய் போகாது. படம் எடுத்துவைத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்குப் போங்கள். அந்த மரத்தின் அடிக்கட்டையையோ சீவலையோ வேறு மரத்துக்கு மூடாக்காகப் போடவே கூடாது.

கறையான் ஏறுகிறது

தண்டில் மண்பூச்சு ஏறியதும் மூடாக்கை முழுதாக அள்ளி எறிந்துவிடுகிறார்கள். பூச்சை ஒரு விரலால் சுரண்டிவிட்டு அடியில் பாருங்கள். வெளிப்பட்டையின் செத்த செதிலை மட்டும் தின்றிருந்தால், உள்ளே பட்டை பச்சையாக, கெட்டியாக இருந்தால், மரத்துக்கு ஆபத்தில்லை. பூச்சைத் துடைத்துவிட்டு, தண்டைச் சுற்றி முன்னே சொன்ன இடைவெளியை விட்டாலே ஏறுவது குறையும். இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு தூவலாம். நட்டு ஓராண்டுகூட ஆகாத கன்று என்றால் அலட்சியம் வேண்டாம். தண்ணீரில்லாமல் வாடிய கன்றின் வேரையே கறையான் அறுத்துவிடும். அங்கே மருந்தைவிட ஈரம் முக்கியம்.

சருகைக் கிளறும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் கொழுத்த புழுக்கள் கண்ணில் பட்டால், அருகில் தென்னை இருக்கிறதா என்று பாருங்கள். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். மக்கிய குவியல்தான் அதற்கு வீடு. மெல்லிசாகப் பரப்பிய மூடாக்கில் தங்காது. மரவட்டைகள் இலையைத் தின்று எருவாக்குகின்றன, விட்டுவிடுங்கள்.

போட்ட மூடாக்கு காணாமல் போகிறது

எங்கள் தெருவில் முதலிரண்டு ஆண்டும் இதுதான் பெரும் தலைவலி. திங்கள்கிழமை போட்டால் செவ்வாய்க்கிழமை காலை மொட்டையாக இருக்கும். பெருக்கும் அம்மாவிடம் கோபமாகப் பேசப் போனேன். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "சார், எது குப்பை, எது நீங்கள் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? இதற்குள்ளேயே பால் கவரும் கிடக்கிறது. விட்டுவைத்தால் நான்தான் பேச்சு வாங்க வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

உடைந்த செங்கற்களைப் பாத்தியின் விளிம்பில் ஒற்றை வரிசையாகப் பதித்தோம். ஒரு சிறு பலகையில் "இது மரத்துக்கான மூடாக்கு" என்று எழுதி நட்டோம். பிளாஸ்டிக்கைத் தினமும் பொறுக்குவது எங்கள் வேலை என்று ஒப்புக்கொண்டோம். இப்போது அந்த அம்மாவே சாலையில் கூட்டிய சருகைச் சாக்கில் கட்டி மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார். தையில் எங்களுக்கு அவர் தரும் சாக்குகள் இல்லையென்றால் தெருவின் பாதி மரங்களுக்கு மூடாக்கே கிடைக்காது. நான்கடிக்கு நான்கடிப் பாத்திக்கு நான்கு விரற்கடை பரப்ப நூறு லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். சருகு சில வாரங்களில் பாதியாக அமுங்கிவிடும் என்பதால் பெரிய அரிசிச் சாக்கில் மூன்று என்று கணக்கு வையுங்கள்.

ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போவதும் உண்டு. அது மழைநீர் வடிகாலை அடைத்தால் தெருவே நம்மைத் திட்டும். மூடாக்கின் மேல்மட்டம் செங்கல் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கட்டும். நொறுங்கிய கிளைச் சில்லுகளை மேலே தூவினால் பாரத்தில் நிற்கும். தீபாவளிக்கு முதல்நாள் மாலை பாத்திகளை நன்றாக நனைத்துவிடுங்கள்; பட்டாசுப் பொறி விழும். போகியன்று காலையிலும் அப்படியே. சருகைக் கொளுத்துகிறவரைப் பார்த்தால், தெருவில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடைசெய்துவிட்டன என்று எடுத்துச்சொல்லுங்கள். அதைவிட, அந்தச் சருகை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சாக்கை நீட்டினால் சண்டையே வராது.

தேங்காய் மட்டையை மூடாக்காக வைப்பவர்கள் குழிந்த பக்கத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்த மட்டையில் தேங்கும் ஒரு கை தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் கொசு முட்டையிட.

எல்லாம் சரி, ஆனாலும் மரம் நின்றது நின்றபடியே இருக்கிறது

இலையில் குறையில்லை, மூடாக்கும் ஒழுங்கு. ஆனால் இரண்டு ஆண்டாகப் புதுக்கிளை ஒரு சாணுக்குமேல் நீளவில்லை. தொடக்கத்தில் குத்திய கம்பியை நினைத்துப் பாருங்கள். நனைந்த மண்ணிலும் அரையடியில் முட்டினால் மண் இறுகிக் கிடக்கிறது. நடைபாதை போடும்போது இறுக்கும் எந்திரத்தால் அமுக்கிய மண், வண்டி ஏற்றி நிறுத்திய மண். மணல்மண்ணில் ஒரு கன சென்டிமீட்டரின் எடை 1.6 கிராமைத் தாண்டினாலே வேர் திணறும். களியில் 1.4 கிராமே அதிகம். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கிறது. அந்த ஒன்றரை அடிதான் சிமென்டுபோல் ஆகியிருக்கிறது.

மூடாக்கு இதையும் இளக்கும். ஆனால் மண்புழு வந்து துளைபோட இரண்டு மூன்று ஆண்டாகும். அதற்கு வழிதிறந்து கொடுப்பதற்காக, அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத் துளைகளை இரண்டடிக்கு ஒன்றாகப் போடுகிறேன். வேர் தட்டுப்பட்டால் இடம் மாற்றிக்கொள்வேன். துளையில் மக்கிய இலையெருவை நிரப்பி, மேலே மூடாக்கு. மழை நேரே உள்ளே இறங்கும்; புழுவும் அதன் வழியே பரவும். நிலமெல்லாம் கொத்திப் புரட்டுவது வேண்டாம். இருக்கும் கொஞ்சம் வேரும் போய்விடும்.

தண்டுவரை சிமென்ட் பூசிவைத்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பூச்சைத்தான் உடைக்க வேண்டும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் நல்ல அளவுகோல். உங்கள் பகுதிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்கும்போது அதைக் குறிப்பிடுங்கள். நடைபாதையைச் சொந்தமாக உடைக்கப் போகாதீர்கள்.

மூடாக்கை விட்டுவிட்டு உதவி கேட்க வேண்டிய நேரம்

மரம் முன்பில்லாத பக்கம் சாய்கிறது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து எழும்புகிறது. அடிமரத்தில் மெருகுக் காளான் அடுக்கடுக்காக வருகிறது. மரச்சுத்தியால் தட்டினால் பானைபோல் ஒலிக்கிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூடாக்கு, உரம், தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணில் புகார் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; வெடிப்பின் நீளத்தை அளந்து தேதியோடு படம் எடுங்கள். மறுநாளும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் மீண்டும் அழைத்து அதைச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை அடியில் நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்லி, தெருக் குழந்தைகள் அந்தப் பக்கம் விளையாடாதபடி ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.